பேட்டை பப்பின் குத்தகை முடியப்போகிறதா? லண்டனிலிருந்து சில கேள்வி பதில்கள்

தென்கிழக்கு லண்டனில் நான் குடியிருக்கும் தெருவின் முனையில் ஒரு பப் இருக்கிறது. குத்தகையைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று கட்டடத்தின் சொந்தக்காரர் ஒருநாள் நோட்டீஸ் அனுப்பினார். அதைத் தடுக்க நானும் அக்கம்பக்கத்தாரும் ஒரு வருடத்துக்கு மேல் அலைந்தோம். கடைசியில் பத்து வருடத்துக்குப் புதுக் குத்தகை கிடைத்தது. அதன் பிறகு மற்ற பேட்டைகளில் இருக்கும் நண்பர்களும் உறவினர்களும் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். இதில் சொல்லும் சட்டம் இங்கிலாந்துக்கானது. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் விதிகள் வேறு. நான் வக்கீல் இல்லை. உங்கள் வழக்குக்கு வணிகக் குத்தகை தெரிந்த வக்கீலை அவசியம் பாருங்கள்.

மதுக்கடையைக் காப்பாற்றப் போராட்டமா? நம் ஊரில் மூடச் சொல்லித்தானே போராடுவார்கள்?

என் அப்பாவும் போனில் இதையேதான் கேட்டார். பெண்கள் தெருவில் உட்கார்ந்து டாஸ்மாக் கடையை மூடச் சொல்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் பப் என்பது வேறு. 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம் அது. ஊருக்குப் பொதுவான வீடு. கம்பிவலைக்குப் பின்னாலிருந்து பாட்டிலை நீட்டும் இடம் இல்லை. ஞாயிறு மதியம் குழந்தைகுட்டிகளோடு சாப்பிட வருவார்கள். அடக்கம் முடிந்து சாவு வீட்டுக்காரர்கள் நேரே இங்கே வந்து உட்கார்ந்து, இறந்தவரைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். செவ்வாய்க்கிழமை வினாடிவினா, வியாழக்கிழமை பின்னல் வேலை செய்யும் பெண்கள்.

எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. லண்டன் வந்த முதல் குளிர்காலத்தில் வீட்டு பாய்லர் பழுதாகி, சரிசெய்ய ஆள் வர நான்கு நாள் ஆனது. வேலை முடிந்ததும் பப்பின் கணப்புக்குப் பக்கத்தில் ஒரு லைம் சோடாவோடு உட்கார்ந்துவிடுவேன். மூன்றாம் நாள், பப்பை நடத்தும் அம்மா மேசையைத் துடைத்துக்கொண்டே என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். மாடிக்குப் போய் ஒரு மின்கணப்பைத் தூக்கி வந்து, ஒயரைச் சுற்றிக் கையில் கொடுத்தார். அதுவரை அவருக்கு என் பெயர்கூடத் தெரியாது. இந்தப் போராட்டத்தில் நான் சேர்ந்ததற்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

2000ஆம் ஆண்டில் பிரிட்டன் முழுவதும் ஏறத்தாழ 60,000 பப்கள் இருந்தன. இப்போது 45,000 சுற்றளவில்தான் இருக்கின்றன. மூடியவற்றில் பல நிரந்தரமாக அடுக்குமாடி வீடுகளாகிவிட்டன.

பப்பின் 'லேண்ட்லார்ட்'தானே சொந்தக்காரர்? அவரே ஏன் வெளியேற வேண்டும்?

இந்தச் சொல்லால்தான் பாதிக் குழப்பமும் வருகிறது. இங்கே பப்பின் லேண்ட்லார்ட் என்று ஊர் சொல்வது பப்பை நடத்துகிறவரை. பெரும்பாலும் அவர் ஒரு குத்தகைதாரர்தான். கட்டடம் ஒரு பப் நிறுவனத்துக்கோ, மதுபான ஆலைக்கோ, முதலீட்டாளருக்கோ சொந்தமாக இருக்கும். அப்புறம், லீஸ் என்றதும் சென்னையில் மொத்தப் பணத்தைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருப்பதை நினைக்க வேண்டாம். இங்கே குத்தகை என்றால் ஐந்து, பத்து, இருபது வருட ஒப்பந்தம். வாடகையும் உண்டு, பெரும்பாலும் பழுதுபார்க்கும் செலவும் குத்தகைதாரர் தலையில்தான்.

எனவே 'பப்பைக் காப்பாற்றுவது' என்று சொல்லும்போது மூன்று விஷயங்கள் கலந்திருக்கின்றன: கட்டடம், அதில் பப் நடத்தும் உபயோகம், அதை நடத்தும் மனிதர். ஒவ்வொன்றுக்கும் வேறு சட்டம். எங்கள் குழு முதல் இரண்டு மாதத்தை வீணடித்ததற்குக் காரணம், ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்துக்கொண்டிருந்ததுதான்.

நோட்டீஸ் வந்துவிட்டது. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

குத்தகைப் பத்திரத்தை. முகநூல் பக்கம், கையெழுத்து இயக்கம் எல்லாம் அதற்கப்புறம்.

பத்திரத்தில் தேட வேண்டியது ஒரே ஒரு விஷயம்: 1954ஆம் ஆண்டின் லேண்ட்லார்ட் அண்டு டெனன்ட் சட்டம் இந்தக் குத்தகைக்குப் பொருந்துமா, இல்லை விலக்கப்பட்டிருக்கிறதா? அந்தச் சட்டத்தின் இரண்டாம் பகுதி வணிகக் குத்தகைதாரருக்கு ஒரு பெரிய பாதுகாப்பைத் தருகிறது. குத்தகைக் காலம் முடிந்தாலும் குத்தகை தானாக முடிவதில்லை. புதுக் குத்தகை கேட்கும் உரிமை உண்டு. தகராறு வந்தால் நீதிமன்றம் 15 வருடம் வரைகூடப் புதுக் குத்தகை தரலாம். ஒரு காலத்தில் பப்களுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. 1990இல் வந்த ஒரு சட்டத்தால்தான் அவையும் உள்ளே வந்தன.

ஆனால் குத்தகை தொடங்கும் முன்பே இரு தரப்பும் சேர்ந்து அந்தப் பாதுகாப்பை விலக்கிக்கொள்ள முடியும். 2004 முதல் அதற்கென ஒரு நடைமுறை இருக்கிறது: சொந்தக்காரர் எச்சரிக்கைப் படிவம் ஒன்றைக் கொடுப்பார், குத்தகைதாரர் அதைப் படித்துப் புரிந்துகொண்டதாக உறுதிமொழி தருவார். சாவி கைக்கு வரும் சந்தோஷத்தில் பலர் படிக்காமலே கையெழுத்திட்டிருப்பார்கள். அப்படி விலக்கியிருந்தால் காலம் முடியும் நாளில் குத்தகையும் முடிந்தது, அவ்வளவுதான். பிறகு பேரம் பேசலாமே தவிர உரிமை கேட்க முடியாது. அந்தப் படிவமும் உறுதிமொழியும் ஒழுங்காக நடந்தனவா என்று வக்கீல் பார்க்க வேண்டும். நடைமுறையில் ஓட்டை இருந்தால் விலக்கல் செல்லாமல் போகலாம்.

பாதுகாப்பு இருக்கிறது என்றால், சொந்தக்காரர் 25ஆம் பிரிவின்படி நோட்டீஸ் தர வேண்டும். அதில் குத்தகை முடிவதாகக் குறிக்கும் தேதி, நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 12 மாதம் தள்ளி இருக்க வேண்டும். இங்கேதான் உயிர்நாடி: அந்தத் தேதிக்குள் குத்தகைதாரர் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும், அல்லது கெடுவை நீட்டிக்க இரு தரப்பும் எழுத்தில் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் தவறினாலும் உரிமை போய்விடும். "பேசிக்கொண்டிருக்கிறோம், பார்த்துக்கொள்ளலாம்" என்று சொந்தக்காரரின் ஏஜென்ட் போனில் சொன்னது எதற்கும் உதவாது.

எங்கள் பப்பில் அந்த நோட்டீஸ் வந்த உறை கல்லாவுக்குப் பின்னால், பீர் ரசீதுகளோடு ஒரு கிளிப்பில் மாட்டியிருந்தது. பேச்சுவார்த்தை நடக்கிறது என்ற நம்பிக்கையில் அந்த அம்மா அதை அங்கேயே விட்டுவிட்டார். பேட்டைக்காரர் ஒருவர் எதேச்சையாகக் கேட்டு வாங்கிப் படித்தபோது, கெடு முடிய எட்டு நாள்தான் பாக்கி. ஏழாம் நாள் மனு போனது.

சொந்தக்காரர் என்ன காரணம் சொல்லி மறுக்கலாம்?

அவர் இஷ்டத்துக்கு மறுக்க முடியாது. சட்டத்தின் 30ஆம் பிரிவு ஏழு காரணங்களை மட்டுமே அனுமதிக்கிறது. பழுதுபார்க்காமல் விட்டது, வாடகையைத் திரும்பத் திரும்பத் தாமதமாகக் கொடுத்தது போன்றவை குத்தகைதாரரின் தவறு சார்ந்தவை. பப்களுக்கு அதிகம் வருவது மற்ற இரண்டு: இடித்துக் கட்டப்போகிறேன் என்பது, நானே நடத்தப்போகிறேன் என்பது.

இடிப்பதாகச் சொன்னால் போதாது. உண்மையான, நடைமுறையில் சாத்தியமான எண்ணம் இருப்பதை அவர் நிரூபிக்க வேண்டும். கட்டட வேலைக்கு உள்ளாட்சி மன்றமான கவுன்சில் தரும் திட்ட அனுமதி கிடைக்க வழியிருக்கிறதா, பணம் இருக்கிறதா என்று நீதிமன்றம் பார்க்கும். குத்தகைதாரரைக் கிளப்புவதற்காக மட்டுமே ஜோடித்த கட்டட வேலை செல்லாது என்று 2018இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஒரு லண்டன் ஹோட்டல் வழக்கில் தீர்ப்பளித்தது. நானே நடத்துவேன் என்ற காரணத்தை, கட்டடத்தை வாங்கி ஐந்து வருடம் ஆகாதவர் சொல்ல முடியாது.

ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய இணைப்பு இதுதான். திட்ட அனுமதிக்கு எதிராக நீங்கள் கவுன்சிலில் எழுதும் ஒவ்வொரு ஆட்சேபமும், இடிக்கப்போகிறேன் என்ற அவரது வாதத்தை நீதிமன்றத்திலும் பலவீனப்படுத்துகிறது. எங்கள் பப் தப்பியது இந்த வழியில்தான். கவுன்சில் அனுமதி மறுத்தது. அதன் பிறகு அந்தக் காரணத்தை வைத்து வழக்கை நடத்த அவருக்கு வழியில்லை, பேச வந்தார்.

பழுது விஷயத்தில் குத்தகைதாரர்கள் மாட்டிக்கொள்வார்களா?

மாட்டிக்கொள்வார்கள். கூரை ஒழுகல், கழிவுநீர்க் குழாய், பீர் நிலவறையின் ஈரம் எல்லாவற்றையும் பட்டியலிட்டு 'டிலாபிடேஷன்ஸ்' என்று ஒரு கணக்கு வரும். வாடகை பாக்கியும் அப்படியே. பாக்கி இருந்தால், பத்திரத்தில் அதற்கான ஷரத்தும் இருந்தால், சொந்தக்காரர் நீதிமன்றம் போகாமலே பூட்டை மாற்றக்கூடும். நன்கொடை திரட்டினால் முதல் பணம் இதற்குத்தான் போக வேண்டும். பேனர் அப்புறம்.

வெளியேறித்தான் ஆக வேண்டுமென்றால் நஷ்ட ஈடு உண்டா?

இடிப்பது, தானே நடத்துவது போன்ற, குத்தகைதாரரின் தவறில்லாத காரணங்களுக்கு உண்டு. கட்டடத்தின் வரி மதிப்பு எவ்வளவோ அவ்வளவு. அதே இடத்தில் 14 வருடமோ அதற்கு மேலோ அந்தத் தொழில் நடந்திருந்தால் இரண்டு மடங்கு. எங்கள் பப்பை அந்த அம்மா 16 வருடம் நடத்தியிருந்தார். பதினான்கை நெருங்கிக்கொண்டிருப்பவர்கள் தேதியைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

பப் நிறுவனத்தின் 'டை' என்கிறார்களே, அது என்ன?

கட்டடத்தைக் குத்தகைக்குத் தரும் நிறுவனம், பீரையும் என்னிடமே வாங்க வேண்டும் என்று கட்டுப்போடுவது. வெளிச்சந்தையை விட விலை கூடுதலாக இருக்கும். தொழிலில் இருப்பவர்கள் கட்டட வாடகையை 'டிரை ரென்ட்' என்றும், பீர் விலையில் ஏறியிருக்கும் கூடுதலை 'வெட் ரென்ட்' என்றும் சொல்வார்கள். கணக்கில் முதலாவது குறைவாகத் தெரியும். கழுத்தை இறுக்குவது இரண்டாவது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2016 ஜூலையிலிருந்து பப்ஸ் கோட் என்ற விதிமுறை இருக்கிறது. 500 அல்லது அதற்கு மேற்பட்ட கட்டுப் பப்களை வைத்திருக்கும் பெரிய நிறுவனங்களுக்கு அது பொருந்தும். குத்தகை புதுப்பிப்பு, வாடகை மறுபரிசீலனை போன்ற சமயங்களில், டை இல்லாமல் சந்தை வாடகை மட்டும் தருகிறேன் என்று குத்தகைதாரர் கேட்கலாம். தகராறானால் பப்ஸ் கோட் அட்ஜுடிகேட்டர் என்ற அதிகாரியிடம் போகலாம். இதற்கும் கறாரான கெடு உண்டு. சின்ன நிறுவனமோ தனி முதலாளியோ என்றால் இந்த வழி கிடையாது.

கவுன்சிலில் 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று பதிந்துவிட்டால் குத்தகை தப்பிவிடும்தானே?

தப்பாது. நான் அதிகம் கேட்ட தவறான நம்பிக்கை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2011ஆம் ஆண்டின் லோக்கலிசம் சட்டப்படி, ஊருக்குப் பயன்படும் ஒரு கட்டடத்தை இந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி ஊர்க்காரர்கள் விண்ணப்பிக்கலாம். ஏ.சி.வி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கவுன்சில் 8 வாரத்தில் முடிவெடுக்க வேண்டும். பதிவு 5 வருடம் நிற்கும். சொந்தக்காரர் விற்க நினைத்தால் கவுன்சிலுக்குச் சொல்ல வேண்டும். 6 வாரத்துக்குள் ஒரு சமூகக் குழு ஆர்வம் தெரிவித்தால், மொத்தம் 6 மாதம் அவர் வேறு யாருக்கும் விற்க முடியாது. அந்தக் குழு பணம் திரட்ட அது அவகாசம். அதற்கப்புறம் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். உங்களுக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை.

இப்போது குத்தகைக்கு வருவோம். இந்தத் தடை, கட்டடத்தை ஆளில்லாமல் காலியாக விற்கும்போதுதான் வேலை செய்யும். குத்தகையைப் பொறுத்தவரை 25 வருடமோ அதற்கு மேலோ உள்ள நெடுங்குத்தகைக்கு மட்டும். உங்கள் பப்பின் பத்து வருடக் குத்தகை முடிந்து அந்த அம்மா வெளியேறினால் ஏ.சி.வி. வாயே திறக்காது. குத்தகைதாரர் உள்ளே இருக்கும்போதே கட்டடம் கை மாறினாலும் அப்படித்தான்.

பிறகு எதற்குப் பதிய வேண்டும்? ஆளைக் கிளப்பிய பிறகு சொந்தக்காரர் செய்யப்போவது விற்பனைதான், அப்போது ஆறு மாதம் கிடைக்கும். கவுன்சிலில் திட்ட அனுமதி கேட்டால், ஊர் இதை மதிக்கிறது என்பதற்கு அது ஒரு சான்று. ஆகவே பதிந்து வையுங்கள். முடிந்தால் நோட்டீஸ் வருவதற்கு இரண்டு வருடம் முன்பே. ஊர்க்காரர்களுக்கே முதலில் வாங்கும் உரிமை, 12 மாத அவகாசம் என்றெல்லாம் 2025 ஜூலையில் நாடாளுமன்றத்துக்கு வந்த ஒரு மசோதா பேசுகிறது. நீங்கள் இறங்கும்போது அது எந்த நிலையில் இருக்கிறதென்று கவுன்சிலில் கேளுங்கள்.

பப்பை வீடாகவோ சூப்பர் மார்க்கெட்டாகவோ மாற்ற அனுமதி வேண்டுமா?

வேண்டும். 2017 மே 23 வரை இங்கிலாந்தில் பெரும்பாலான பப்களைக் கடையாக மாற்ற அனுமதியே தேவைப்படவில்லை. பல பேட்டைகளில் ஒரு காலையில் எழுந்து பார்த்தால் பப் சூப்பர் மார்க்கெட் ஆகியிருந்தது. அந்த வழியை அடைத்துவிட்டார்கள். இப்போது மாற்றவும் இடிக்கவும் முழு அனுமதி வேண்டும். லண்டனில் இன்னும் ஒரு பிடி இருக்கிறது: 2021 லண்டன் பிளானின் எச்.சி.7 என்ற கொள்கை. பப்பாக நடத்த ஆளே வராது என்று சொல்கிறவர், நியாயமான விலையில் குறைந்தது 24 மாதம் பப்பாகவே சந்தையில் வைத்துப் பார்த்ததைக் காட்ட வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது.

ஆட்சேபம் எழுத வழக்கமாக 21 நாள்தான் தருவார்கள். 3,000 பேர் கையெழுத்திட்ட மனுவைவிட, தன் சொந்த வார்த்தைகளில் எழுதிய நாற்பது கடிதங்களுக்கு எடை அதிகம். அவற்றில் பாசத்தைக் கொட்டலாம், தப்பில்லை. ஆனால் கூடவே யார் யார் எந்தக் கிழமையில் எதற்கு வருகிறார்கள், அடுத்த பப் எத்தனை நிமிட நடை, சக்கர நாற்காலியில் அங்கே போக முடியுமா என்றெல்லாம் எழுதுங்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் ஒரு வாரம் முழுக்கக் கதவருகே உட்கார்ந்து, மணிவாரியாக எத்தனை பேர் வந்தார்கள் என்று பென்சிலில் கோடு போட்டு வைத்தார். அந்தத் தாளை அப்படியே இணைத்தோம்.

பப் நஷ்டத்தில் ஓடுகிறது என்கிறாரே சொந்தக்காரர்?

இப்போது நடத்துகிறவருக்கு ஓடவில்லை என்பதும், எவருக்கும் ஓடாது என்பதும் வெவ்வேறு விஷயம். மேற்கு மிட்லண்ட்ஸ் பக்கம் மூடும் நிலையிலிருந்த எத்தனையோ பப்களைப் பஞ்சாபிகள் எடுத்து, கிரில் அடுப்பு வைத்து, தேசி பப்களாக உயிர்ப்பித்தார்கள். லண்டன் இஸ்லிங்டனில் பழைய பப் கட்டடத்தில் 2022இல் 'தமிழ் பிரின்ஸ்' வந்தது, அடுத்த வருடமே 'தமிழ் கிரவுன்'. நம் சமையலும் பப்பும் ஒரே கூரையின் கீழ் நன்றாகவே ஓடும் என்பதற்கு இவை போதும்.

ஊர்க்காரர்களே வாங்கிய கதை உண்மையா?

உண்மை. அதுவும் எங்கள் பக்கத்துப் பேட்டையில்தான். நன்ஹெட்டில் உள்ள ஐவி ஹவுஸ், 1930களில் ட்ரூமன் மதுபான ஆலை கட்டிய பப். எழுபதுகளில் நியூலண்ட்ஸ் டேவர்ன் என்ற பெயரில் இருந்தபோது இயன் டியூரி, டாக்டர் ஃபீல்குட் போன்ற ராக் இசைக்காரர்கள் வாசித்த இடம். 2012 ஏப்ரலில் நடத்திக்கொண்டிருந்தவர்களுக்குச் சில நாள் நோட்டீஸ் கொடுத்து மூடினார்கள். கட்டடம் வீடுகளாக மாறும் நிலை. பேட்டைக்காரர்கள் பாரம்பரியக் கட்டடமாக இரண்டாம் தரத்தில் பதிய வைத்தார்கள். பிறகு லோக்கலிசம் சட்டத்தின் கீழ் நாட்டிலேயே முதல் ஏ.சி.வி. பப்பாக அது பதிவானது. 2013 மார்ச்சில் 8,10,000 பவுண்டுக்கு வாங்கினார்கள்; அந்த ஆகஸ்டில் கதவு திறந்தது.

அவ்வளவு பணம் தெருவிலிருந்தா வந்தது? இல்லை. பெரும்பகுதி பாரம்பரியக் கட்டட நிதியொன்றின் கடனும் ஒரு சமூக முதலீட்டு மானியமும். 371 பேர் பங்கு வாங்கிப் போட்டது 1,42,600 பவுண்டு. அது மொத்தத்தில் சிறு பகுதிதான், ஆனால் அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் நம்பினார்கள்.

பங்கு வாங்கினால் பணம் திரும்புமா?

பங்குச் சந்தைப் பங்கு மாதிரி விலை ஏறாது, இன்னொருவருக்கு விற்கவும் முடியாது. சமூக நலச் சங்கம் என்ற அமைப்பாகப் பதிந்து வெளியிடும் பங்கு இது. சங்கத்தின் கையில் பணம் இருந்தால், விதிப்படி திரும்ப எடுக்கலாம். கொஞ்சம் வட்டியும் வரலாம். சங்கம் நொடித்தால் போட்டது போனதுதான், வங்கி வைப்புக்கு உள்ள பாதுகாப்பு இதற்கு இல்லை. 50 பவுண்டு போட்டவருக்கும் 5,000 போட்டவருக்கும் ஒரே ஓட்டு. எனக்குப் பிடித்த அம்சம் அதுதான். இழந்தால் தூக்கம் கெடாத தொகையை மட்டும் போடுங்கள்.

2021இல் அரசு தொடங்கிய 15 கோடி பவுண்டு சமூக உடைமை நிதி பல பப்களுக்குக் கை கொடுத்தது. 2024 டிசம்பரில் அதை மூடிவிட்டார்கள். பழைய வழிகாட்டிகளில் அதன் பெயர் இருந்தால் நம்பி உட்கார வேண்டாம். பிளங்கெட் யூ.கே. என்ற அறக்கட்டளை சமூகப் பப்களுக்கு ஆலோசனை தருகிறது. பப்களுக்காகப் போராடும் கேம்ரா அமைப்பின் கிளைகளிலும் அனுபவசாலிகள் உண்டு.

வாங்கிய பிறகு நிஜமாகவே ஓடுகிறதா?

யார்க்‌ஷயரில் ஹட்ஸ்வெல் என்று ஒரு சின்ன கிராமம். அங்கிருந்த ஒரே பப் ஜார்ஜ் அண்டு டிராகன் 2008இல் மூடியது. ஊர் சேர்ந்து வாங்கி 2010இல் திறந்தது. உள்ளேயே ஒரு நூலகமும் சின்னக் கடையும் வைத்தார்கள், பின்னால் காய்கறிப் பாத்திகள். 2016க்கான கேம்ராவின் தேசிய சிறந்த பப் விருது அதற்குத்தான். பிரைட்டனில் குடியிருப்புப் பகுதி ஒன்றில் மூடிக் கிடந்த பப்பை அங்குள்ளவர்களே எடுத்து 2014 டிசம்பரில் 'பெவி' என்று திறந்தார்கள். வயதானவர்களுக்கு மதிய உணவு வட்டம் அங்கே நடக்கிறது.

ஊர் முதலாளியானால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. ஐவி ஹவுஸிலேயே 2018இல் ஊழியர்களை வேலையை விட்டு நீக்கியதற்கு எதிராக வேலைநிறுத்தம் நடந்தது. நீக்கியவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். கல்லாவில் நிற்கும் பிள்ளைகளுக்குச் சரியான வேலை ஒப்பந்தம் கொடுப்பதும் பப்பைக் காப்பாற்றும் வேலையில் சேர்த்திதான். வணிகத் திட்டத்தில் அதற்கு முதலிலேயே பணம் ஒதுக்குங்கள்.

ராத்திரியோடு ராத்திரியாக இடித்துவிட்டால்?

நடந்திருக்கிறது. 2015 ஏப்ரலில் லண்டன் கில்பர்னில் கார்ல்டன் டேவர்ன் என்ற பப்பை அனுமதியில்லாமல் இடித்துத் தள்ளினார்கள். 1920களில் கட்டிய அதைப் பாரம்பரியக் கட்டடமாகப் பதிவதற்கான பரிசீலனை அப்போது நடந்துகொண்டிருந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் விடவில்லை: இருந்தபடியே, செங்கல் செங்கலாகத் திரும்பக் கட்டு என்று உத்தரவு போட்டது. 2021 ஏப்ரலில் அது மறுபடி திறந்தது. உங்கள் பப்பின் ஓடுகள், மரச் சட்டங்கள், பெயர்ப் பலகை, கண்ணாடி எல்லாவற்றையும் இன்றைக்கே படம் பிடித்து, அளவெடுத்து வையுங்கள். திரும்பக் கட்டச் சொல்ல வேண்டி வந்தால், எப்படி இருந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும்.

மது உரிமம் யார் பெயரில் இருக்க வேண்டும்?

யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். குத்தகைதாரர் பெயரில் இருந்து, அவர் திவாலானாலோ இறந்தாலோ உரிமம் காலாவதியாகும். 28 நாளுக்குள் மாற்ற விண்ணப்பிக்காவிட்டால் புதிதாக முதலிலிருந்து வாங்க வேண்டும். பழைய உரிமத்தில் இருந்த இரவு நேரமும் இசை அனுமதியும் அப்போது கிடைக்கும் என்று உத்தரவாதமில்லை.

நடத்துகிறவருக்கே அலுத்துப்போய் விட்டுப் போக விரும்பினால்?

விடுங்கள். பதினாறு வருடம் காலையில் நிலவறையில் இறங்கி, நள்ளிரவில் கதவு பூட்டியவரை ஊர்ப் பாசத்தைச் சொல்லிக் கட்டிவைக்கக் கூடாது. புதுக் குத்தகைக்கு ஆள் தேடுங்கள், அல்லது சங்கமே குத்தகை எடுக்கட்டும். 1954 பாதுகாப்பு உள்ள குத்தகையை அவர் ஒப்படைப்பதற்கு முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை. காலி செய்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும், கைமாற்றினால் தொடரும்.

நான் இந்தியப் பாஸ்போர்ட்காரன், வேலை விசாவில் இருக்கிறேன். ஏ.சி.வி. விண்ணப்பத்தில் என் பெயர் செல்லுமா?

செல்லும். பதிவு பெறாத ஒரு குழு விண்ணப்பிப்பதென்றால், அந்தக் கவுன்சில் பகுதியிலோ பக்கத்துக் கவுன்சில் பகுதியிலோ வாக்காளர் பட்டியலில் உள்ள 21 உறுப்பினர்கள் வேண்டும். இந்தியா, இலங்கை இரண்டும் காமன்வெல்த் நாடுகள். விசாவோடு இங்கே குடியிருக்கும் 18 வயது நிரம்பியவர்கள் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். பலருக்கு இது தெரிவதே இல்லை. குடிக்கிறவரா இல்லையா என்று யாரும் கேட்கப்போவதுமில்லை.

எங்கள் பட்டியலில் பதினேழாவது பெயர் எதிர்வீட்டு யாழ்ப்பாணத்துப் பாட்டியுடையது. படிவத்தை நீட்டியதும் கண்ணாடியைத் தேடி எடுத்து, "எங்க தம்பி கையெழுத்து வைக்க வேணும்?" என்று கேட்டார். அவர் அந்தப் பப்புக்குள் காலெடுத்து வைப்பது தேர்தலன்று மட்டும்தான். எங்கள் தெருவுக்கு வாக்குச்சாவடி அங்கேதான்.